அப்பாவின் ஹெர்னியா காத்திருக்கலாம், அம்மாவின் கட்டி காத்திருக்காது

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. அப்பாவுக்கு 62 வயது, பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம், ஒரு வருடமாக இருக்கிறது. நின்றால் வருகிறது, படுத்தால் போய்விடுகிறது, வலி இல்லை. ஒரு டாக்டர் ஓப்பன் ஆபரேஷன் போதும் என்கிறார், இன்னொருவர் லேப்ராஸ்கோப்பிதான் (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) நல்லது என்கிறார். உள்ளே வலை வைப்பார்களாமே, அது பிற்காலத்தில் தொந்தரவு தருமா? ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்க முடியாதா? கடைசியில் ஒரு வரி: "அம்மாவுக்கும் தொடை ஆரம்பிக்கிற இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது, ஆனால் அது சின்னதுதான்."

நான் பொது அறுவை மருத்துவர். இருபது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவன். ஹெர்னியா ஆபரேஷன் இல்லாத வாரம் என்று எனக்கு அநேகமாக இருந்ததில்லை. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அப்பாவை அடுத்த மாதம் அழைத்துப் போனாலும் பெரிய தவறில்லை. அம்மாவை இந்த வாரமே காட்டுங்கள். ஏன் என்று புரிய, ஹெர்னியா என்றால் என்ன என்பதிலிருந்து வர வேண்டும்.

வயிற்றின் முன்பக்கம் அடுக்கடுக்கான தசைகளும், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வெள்ளையான கெட்டிச் சவ்வும் கொண்ட ஒரு சுவர். அந்தச் சுவரில் ஓர் இடம் பலவீனமானால், இருமும்போதும் முக்கும்போதும் உள்ளே ஏறுகிற அழுத்தம் அந்த இடத்தைத் தள்ளித் தள்ளி வழி உண்டாக்கிக்கொள்ளும். சைக்கிள் டயர் தேய்ந்து கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கும் டியூப் பிதுங்கி நிற்குமே, அதே கதைதான். பிதுங்கும் டியூப் என்பது வயிற்றின் உள்ளுறை. அதற்குள் கொழுப்போ குடலோ வந்து உட்காரும். ஊரில் "குடல் இறங்கிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். டயரைச் சரிசெய்யாமல் டியூபை மட்டும் உள்ளே தள்ளினால் அது திரும்ப வரும். அதனால்தான் பெரியவர்களுக்கு வரும் ஹெர்னியாவை மாத்திரை, தைலம், ஆசனம் எதுவும் மூடுவதில்லை. பெல்ட் கட்டினால் வீக்கம் வெளியே தெரியாது, அவ்வளவுதான். ஆபரேஷன் செய்யவே முடியாத உடல்நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வோம். அதுவும் படுத்து, வீக்கத்தை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் கட்ட வேண்டும். வெளியே வந்திருக்கும் குடலின் மேலேயே இறுக்கிக் கட்டினால் அது நசுங்கும்.

அப்பாவுக்கு வந்திருப்பது ஆண்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் தொடையிடுக்கு ஹெர்னியா. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறப்பதற்கு முன் கீழே இறங்கி விரைப்பைக்கு வந்து சேர்கின்றன. அவை வந்த பாதை தொடையிடுக்கில் சுமார் 4 செ.மீ. நீளத்தில் சாய்வான ஒரு குழாய்போல வாழ்நாள் முழுக்க இருக்கிறது. விரைக்குப் போகும் ரத்தக் குழாயும் விந்துக் குழாயும் அதற்குள்தான் போகின்றன என்பதால், இயற்கையால் அதை முழுதாக அடைக்க முடியாது. வயிற்றுச் சுவரில் வரும் ஹெர்னியாக்களில் நாலில் மூன்று இந்தத் தொடையிடுக்கில்தான் வருகின்றன. நூறு ஆண்களில் 27 பேருக்கு ஆயுளில் ஒரு தடவை இது வரலாம். பெண்களில் 3 பேருக்குத்தான்.

அரிசி மூட்டை தூக்கியதால்தான் வந்ததா என்று அப்பா கேட்பார். எல்லாரும் கேட்கிறார்கள். மூட்டையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிறவியிலேயே அந்த இடம் பலவீனமாக இருப்பது, குடும்பத்தில் இருப்பது, வயது, விடாத இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குவது, புகைப்பழக்கம் எல்லாமே கூட்டு. அப்பாவின் வயதில் நான் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து போகிறார்? சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா? சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி, முக்கி முக்கிச் சிறுநீர் கழிக்கிறவருக்கு அதைக் கவனிக்காமல் ஹெர்னியாவை மட்டும் தைத்தால், ஆபரேஷன் முடிந்த ராத்திரியே சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டி வரும். தைத்த இடத்துக்கும் தினமும் அந்த முக்கல் போய்ச் சேரும். பீடி இருமலுக்கும் இதே கணக்குதான்.

சரி, அம்மாவின் கட்டிக்கு வருகிறேன். தொடையிடுக்கு மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் உள்பக்கமாக இருக்கிறது என்றால், அது அப்பாவுக்கு இருக்கும் வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய சிரைக்குப் பக்கத்தில் விரல் நுனி நுழைகிற அளவில் ஓர் இடுக்கு இருக்கிறது. பெண்களுக்கு இடுப்பெலும்பின் அமைப்பால் அது கொஞ்சம் அகலம். அதன் வழியாக இறங்குவதைத் தொடை ஹெர்னியா என்போம். இதில் இரண்டு சிக்கல். அளவு சின்னது என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த இடுக்கின் விளிம்பு கத்தி விளிம்புபோலக் கெட்டியானது என்பதால், உள்ளே போன குடல் சுருக்கில் மாட்டிய மாதிரி மாட்டிக்கொள்ளும். 1991-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், தொடை ஹெர்னியா தெரிய வந்த 3 மாதத்துக்குள் குடல் நெரிபடும் வாய்ப்பு 22 சதவீதம், 21 மாதத்துக்குள் 45 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அப்பாவின் வகைக்கு அதே கணக்கு 3 மாதத்தில் 2.8 சதவீதம், இரண்டு வருடத்தில் 4.5 சதவீதம். உங்கள் வீட்டில் எந்தக் கட்டி பெரியது என்பதற்கும் எது ஆபத்தானது என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு பாட்டியைச் சொல்கிறேன். எழுபது தாண்டியவர். மூன்று நாளாக வாந்தி, வயிறு உப்பல். வீட்டில் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் பக்கத்தில் ஒருவரிடம் காட்டி ஊசி போட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்தபோது நாக்கு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, புடவையைத் தளர்த்தி இரண்டு தொடையிடுக்கையும் பார்க்கச் சொன்னேன். பயிற்சி மருத்துவராக இருந்த பெண் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வலது பக்கம் கொட்டைப்பாக்கு அளவில், கல்லுப்போல, சிவந்து ஒரு கட்டி. "இது எத்தனை நாளா இருக்கு பாட்டி?" என்று கேட்டேன். "அது ரெண்டு வருசமா இருக்குப்பா, அந்த இடத்த யார்கிட்ட காட்டறது" என்றார். அன்று ராத்திரி ஆபரேஷன். கருத்துப்போன குடல் அரை அடிக்கும் மேல் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்தார், ஆனால் 19 நாள் வார்டில் கிடந்தார். இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தால் அரை மணி நேர வேலை, மறுநாள் வீடு.

அந்தக் கூச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். பிள்ளைகளிடம்கூட சொல்லத் தயங்குகிற இடம் அது. உங்கள் அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்பதே பெரிய விஷயம். பெண் மருத்துவரிடம் காட்ட விரும்பினால் அப்படியே ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கட்டி ஹெர்னியாவாக இல்லாமல் வெறும் நெறிகட்டியாகவும் இருக்கலாம். ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பெரும்பாலும் சொல்லிவிடும். அந்தப் பதில் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. கட்டி திடீரென்று கெட்டியாகி, வலித்து, படுத்தாலும் உள்ளே போகாமல், கூடவே வாந்தியோ, வயிறு உப்பலோ, காற்றுகூடப் பிரியாத நிலையோ வந்தால் அன்றே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரி. அமுக்கி உள்ளே தள்ள முயலாதீர்கள். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும்.

இனி அப்பா. ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியாதா என்ற உங்கள் கேள்வி நியாயமானது, அதற்கு நல்ல ஆராய்ச்சியும் இருக்கிறது. வட அமெரிக்காவில் வலியே இல்லாத, அல்லது மிகக் குறைவாக இருந்த தொடையிடுக்கு ஹெர்னியாக்காரர்கள் 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்க வைத்துக் கவனித்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. காத்திருந்தவர்களுக்கு அவசர நிலை வந்தது மிக மிக அபூர்வம்: ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் இரண்டு பேருக்குக்கூட வரவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் தாங்களாகவே வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பத்து வருடக் கணக்கில் அது மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. பெரும்பாலும் வலிதான் காரணம்.

இதை நான் நோயாளிகளிடம் இப்படிச் சொல்வேன்: ஐயா, இன்றைக்கே செய்ய வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் என்றைக்காவது செய்ய வேண்டி வரும். கடைக்கு ஆள் வைக்க முடிகிற மாதம், சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிற நேரம், இருமல் இல்லாத காலம் என்று நீங்களே நாள் குறித்துக்கொள்ளலாம். 62 வயதில் செய்துகொள்வது 75 வயதில் செய்துகொள்வதைவிட எளிது. இந்தக் காத்திருக்கும் சலுகை ஆண்களின் தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு மட்டும்தான். பெண்களுக்கு அந்தப் பகுதியில் வருவதைக் காத்திருக்கச் சொல்வதில்லை.

இப்போது ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா, வலையா என்ற குழப்பம். கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் இது தெளியும். 1880-களில் இத்தாலியின் படுவா நகரில் எதுவார்தோ பாசினி என்ற அறுவை மருத்துவர் தொடையிடுக்குப் பாதையின் பின்சுவரைத் தையல் போட்டுச் சீரமைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஹெர்னியா திரும்ப வருவது சர்வ சாதாரணம். அவர் முறை ஒரு நூற்றாண்டு ஓடியது. ஆனால் அதிலும் ஒரு குறை: தள்ளித் தள்ளி இருக்கிற இரண்டு தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கிறோம். இறுக்கமான சட்டையில் பொத்தான் போட்ட மாதிரி, தையலில் எப்போதும் ஓர் இழுவை இருக்கும். அதனால் வலியும் அதிகம், சில வருடத்தில் பிரிவதும் உண்டு. கனடாவின் டொரொண்டோவில் ஷோல்டைஸ் என்பவர் நான்கு அடுக்காகத் தைத்து அந்தக் குறையைப் பெரிதும் குறைத்தார். அவர் தொடங்கிய மருத்துவமனை இன்றும் ஹெர்னியாவுக்கென்றே நடக்கிறது. நம் பக்கத்தில் புனேயின் மோகன் தேசர்தா, நோயாளியின் சொந்தச் சவ்விலிருந்தே ஒரு பட்டையை எடுத்துப் பின்சுவரில் தைக்கும் முறையை உருவாக்கினார். வலையே வேண்டாம் என்பவர்களுக்கு இந்த இரண்டும் நிஜமான வழிகள், செய்து செய்து கை பழகியவர் கிடைத்தால்.

பெரிய மாற்றம் வலையால் வந்தது. கிழிந்த வேட்டியை இழுத்துப் பிடித்துத் தைப்பதற்குப் பதிலாக மேலே ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைக்கிற யோசனைதான். இழுவை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் லிச்டென்ஸ்டைன் 1980-களில் இதை நிலைநிறுத்தினார். இன்று ஓப்பன் ஆபரேஷன் என்று உங்கள் அப்பாவுக்குச் சொன்னது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். தொடையிடுக்கில் இரண்டு அங்குல அளவு கீறல், பிதுங்கிய பையை உள்ளே அனுப்பிவிட்டு, உள்ளங்கையைவிடச் சற்று நீளமான வலையை விரித்து, விந்துக் குழாய்க்கு ஒரு வழி விட்டுத் தைப்போம். முதுகில் ஊசி போட்டுச் செய்யலாம். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துக்கூடச் செய்யலாம். இந்த முறையின் பெரிய பலம் அது.

வலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் உங்கள் பயம் பாதி போய்விடும். வெள்ளையாக, கொசுவலைத் துணி மாதிரியே இருக்கும். ஓட்டைகள் வழியாக நம் திசு வளர்ந்து, சில மாதத்தில் கம்பி போட்டுக் கட்டிய கான்கிரீட் மாதிரி ஒன்றாகிவிடும். பாலிபுரோப்பிலீன் என்கிற பொருள். அதே பொருளில் செய்த நூலால்தான் உடம்புக்குள் எத்தனையோ தையல் போடுகிறோம். 1960-களிலிருந்தே ஹெர்னியாவில் பயன்படுகிறது. கொசுவலை மாதிரி என்று சொன்னேன், அதில் ஓர் உண்மைக் கதையும் உண்டு. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிறிய ஊரில் தோங்காவ்கர் என்ற மருத்துவர், கம்பெனி வலை வாங்க முடியாத ஏழைகளுக்காகக் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கிப் பயன்படுத்தி, 2003-இல் அதை எழுதி வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் கம்பெனி வலையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அந்த முடிவு 2016-இல் உலகின் முதல்வரிசை மருத்துவ இதழில் வந்தது. ஒரு சிற்றூர் மருத்துவர் தன் நோயாளியின் சட்டைப்பையை நினைத்துச் செய்த வேலை அது. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அதற்காக வீட்டுக் கொசுவலையை எடுத்துப்போகச் சொல்லவில்லை, விலை உயர்ந்த வலைதான் நல்ல வலை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள் என்கிறேன்.

லேப்ராஸ்கோப்பியில் அதே வலையை உள்பக்கத்திலிருந்து வைக்கிறோம். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று, இன்னும் இரண்டு சிறு துளைகள். வயிற்றுக்குள் நுழைந்து செய்வது ஒரு விதம், நுழையாமல் தசைக்கும் உள்ளுறைக்கும் நடுவில் இடம் உண்டாக்கிச் செய்வது இன்னொரு விதம். டயரின் உள்ளே ஒட்டுப் போடுவதால் உள்ளழுத்தமே ஒட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். பொதுவாக முழு மயக்கம் தேவை, செலவும் அதிகம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தால், அல்லது ஏற்கெனவே ஓப்பனில் செய்து திரும்ப வந்திருந்தால், நான் இதைத்தான் சொல்வேன். அம்மாவுக்கும் இதுதான் என் முதல் தேர்வு. ஏனென்றால் உள்ளிருந்து வைக்கும் ஒரே வலை தொடையிடுக்கு வழி, தொடை வழி இரண்டையும் மூடிவிடும். பெண்களுக்கு மேலிருந்து ஓப்பனில் செய்யும்போது கீழே இருக்கும் தொடை ஹெர்னியா கண்ணில் படாமல் போன கதைகள் உண்டு. மாறாக, புரோஸ்டேட்டுக்கு ஏற்கெனவே பெரிய ஆபரேஷன் ஆனவர், முழு மயக்கம் தாங்காதவர் என்றால் ஓப்பன்தான்.

அப்பாவுக்கு முதல் தடவை, ஒரே பக்கம். இரண்டு முறையும் சரி. முறையைவிட அதைச் செய்கிற கை முக்கியம். லேப்ராஸ்கோப்பி கற்றுத் தேர நிறைய காலம் பிடிக்கும். அதனால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: நீங்கள் எதை அதிகம் செய்கிறீர்கள்? இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? அப்பாவுக்கு ஏன் இதைச் சொல்கிறீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

தொந்தரவே வராது என்று சொன்னால் நம்பாதீர்கள். விரைப்பை வீங்கி நீலம் பாரிப்பது, நீர் கோப்பது, சிறுநீர் அடைப்பு இவை பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். புண்ணில் சீழ் வைப்பது குறைவு, சர்க்கரைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். நல்ல கையில் திரும்ப வருவது நூற்றுக்குச் சிலருக்குத்தான். உண்மையாகவே நான் கவலைப்படுவது நீடித்த வலியைப் பற்றி. சுமார் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் தாண்டியும் அந்த இடத்தில் ஏதோ ஒரு வலியோ, மரத்துப்போன உணர்வோ, இழுப்போ இருக்கிறது. அன்றாட வேலையைப் பாதிக்கிற அளவுக்கு இருப்பது அதைவிடக் குறைவு. அங்கே ஓடும் மூன்று மெல்லிய நரம்புகளைக் கண்டு காப்பாற்றுவதில்தான் ஓப்பன் ஆபரேஷனின் நேர்த்தி இருக்கிறது. வலியே இல்லாதவரிடம் "காத்திருக்கலாம்" என்று நாங்கள் சொல்லத் துணிவதற்கு இந்த வலியும் ஒரு காரணம்.

ஆபரேஷன் முடிந்து அன்று மாலையே நடக்க வைப்போம். ஒன்றிரண்டு நாளில் வீடு. இரும வேண்டியிருந்தால் கையை அந்த இடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு இருமச் சொல்லுங்கள். கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர், மலச்சிக்கல் கூடவே கூடாது. கல்லாவில் உட்காருவதை ஒரு வாரத்தில் ஆரம்பிக்கலாம். உடம்பு தாங்குகிற வரை செய்யலாம் என்பது இன்றைய ஆராய்ச்சி சொல்வது, ஆனால் அரிசி மூட்டையை ஒன்றரை மாதத்துக்கு வேறு ஒருவர் தூக்கட்டும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் தானாக நிறுத்தாமல், மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தனியார் காப்பீடு வைத்திருந்தால் பாலிசியைப் படித்துப் பாருங்கள், நம் நாட்டில் பல பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் இருக்கும். அரசு மருத்துவமனைகளில் இது தினசரி நடக்கிற ஆபரேஷன்.

வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் ஒரு வார்த்தை. குழந்தைக்குத் தொப்புள் பிதுங்கியிருந்தால் காசு வைத்துக் கட்டாதீர்கள், தோல் புண்ணாகும். பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். தொடையிடுக்கில் வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் குழந்தை அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

அம்மாவை அழைத்துப் போகும்போது படுக்க வைத்து மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், "நின்று இருமச் சொல்லிப் பாருங்கள் டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். காலையில் எழுந்ததும் கட்டி தெரியாமல் போகலாம், அதனால் கொஞ்சம் நடமாடிய பிறகு, சாயங்கால நேரத்துக்குப் போவது நல்லது. கட்டி இருக்கிற இடத்தைச் சுற்றி வீட்டிலேயே பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு வாயால் சொல்ல முடியாததை அந்த வட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.